குணம் இறுகும் வயது எது?

முப்பது வயதுக்குள் நம்மில் பெரும்பாலோரின் குணம் சுண்ணச்சாந்து போல இறுகிவிடும், அதன்பின் இளகவே இளகாது என்று 1890-ல் வெளிவந்த தம் உளவியல் நூலில் எழுதினார் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். அப்படி இறுகுவது உலகத்துக்கு நல்லது என்றும் அவர் நினைத்தார். நூறு ஆண்டுகள் கழித்து, 1994-ல், ஆளுமை அளவீட்டில் பெரும்பெயர் பெற்ற பால் காஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும் ஜேம்ஸின் அந்த உவமையையே கட்டுரைத் தலைப்பாக்கி, பெரும்பாலும் அவர் சொன்னது சரிதான் என்று முடித்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இந்த எண்ணம் இன்னும் கெட்டியானது. இருபத்தொன்பது வயதில் ஒருவர் தன்னைப் பற்றிக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் வேலை, கல்யாணம், வீடு, கடன் என்ற வரவு செலவுக்கு அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது: நான் ஆகவேண்டிய ஆள் இதற்குள் ஆகியிருக்க வேண்டாமா, இனிமேல் மாற முடியுமா? கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. குணத்தை இறுக்குவதும் இளக்குவதும் வயது அல்ல. நாள்தோறும் நம்மிடம் எது கேட்கப்படுகிறதோ, எதைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டியிருக்கிறதோ, அதுவே குணமாகப் படிகிறது. இருபதுகளில் இந்தக் கேட்புகள் தலைகீழாக மாறுகின்றன. அதனால்தான் அந்த வயதில் மனிதர்கள் அதிகம் மாறுகிறார்கள். முப்பதுக்குப் பின் அவை மாறினால் அப்போதும் மாறுவார்கள்.

குணம் என்பது பிடிக்குள் நிற்காத பொருள். அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் மேலே சொல்லப்போவதை எடைபோட முடியும். ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரிப்பது இன்று உலகெங்கும் வழக்கம்: பொறுப்புணர்வு, இணக்கம், மனக்கொந்தளிப்பு, கலகலப்பு, புதியதை நாடும் இயல்பு. பரவலாகப் பயன்படும் ஒரு வினாத்தாளில் 44 வாசகங்கள் உண்டு. எடுத்த வேலையை முடிக்காமல் விடுவதில்லை, சட்டென்று பதறிவிடுவேன், பிறரிடம் குறை கண்டுபிடிப்பேன் என்ற தினுசில் வரும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் போடவேண்டும். பார்க்க எளிமையாக, கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாகக்கூடத் தோன்றும். ஆனால் இந்த எண்களுக்குப் பின்னால் வாழ்க்கை இருக்கிறது. 1921-ல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆய்வில் சேர்க்கப்பட்ட சிறுவர் சிறுமியரின் இறப்புப் பதிவுகளை 1990-களில் ஹோவர்ட் ஃபிரீட்மன் குழு அலசியபோது, சிறுவயதில் பொறுப்புணர்வு மிக்கவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் மதிப்பிட்டிருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தது தெரிந்தது. ஒருவரின் ஆயுளோடு தொடர்பு வைத்திருக்கும் எண்ணை வெறும் தாளில் கிறுக்கிய எண் என்று தள்ள முடியாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சஞ்சய் ஸ்ரீவஸ்தவாவும் உடன் ஆய்வாளர்களும் இணையம் வழியாக 21 முதல் 60 வயது வரையிலான 1,32,515 பேரின் விடைகளைத் திரட்டி 2003-ல் வெளியிட்டார்கள். சாந்துக் கருத்து சரியென்றால் முப்பதுக்குப் பிறகு எல்லாக் கோடுகளும் படுத்துவிட வேண்டும். அப்படி நடக்கவில்லை. பொறுப்புணர்வு இருபதுகளில் மிக வேகமாக ஏறியது, அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனது. இணக்கமோ முப்பதுகளில்தான் மிகுதியாக வளர்ந்தது. இது ஒரே நேரத்தில் வெவ்வேறு வயதினரை ஒப்பிட்ட ஆய்வு என்பதால், தலைமுறை வேறுபாட்டை வயது மாற்றம் என்று எடுத்துக்கொண்டார்களோ என்று கேட்க இடமிருந்தது. 2006-ல் பிரென்ட் ராபர்ட்ஸ், கேட் வால்டன், வுல்ஃப்காங் ஃபீக்ட்பவர் மூவரும் ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்தார்கள். பொறுப்புணர்வும் மன நிதானமும் கூடுகின்றன. மிகுதியான மாற்றம் 20-க்கும் 40-க்கும் இடையே நடக்கிறது. பதின்பருவத்தில்தான் ஆள் உருவாகிறான் என்று நம்பியவர்களுக்கு இது எதிர்பாராத முடிவு. இருபதுகளின் முடிவில் நிற்பவர், இந்தக் கணக்குப்படி, ஓடும் காலத்தின் நடுவில் நிற்கிறார்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அப்படியே இருக்கிறாரே என்றுதானே தோன்றுகிறது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று பெரியவர்கள் சொன்னது வீணா? வீணல்ல. இரண்டு உண்மைகள் ஒரே நேரத்தில் நிற்க முடியும். ஒரு வகுப்பில் எல்லாரும் இரண்டு அங்குலம் வளர்ந்தால், நெட்டையானவர் நெட்டையாகவும் குட்டையானவர் குட்டையாகவும்தான் வரிசையில் நிற்பார்கள். வரிசை மாறவில்லை என்பதால் யாரும் வளரவில்லை என்றாகாது. குணத்திலும் வரிசை ஓரளவு நிலைக்கிறது. ராபர்ட்ஸும் வெண்டி டெல்வெக்கியோவும் 2000-த்தில் 152 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இந்த நிலைப்பை ஒன்றுக்குள் ஓர் எண்ணாகக் கணக்கிட்டார்கள். முழு மாறாமை என்றால் ஒன்று. குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பதில் 0.64, ஐம்பதுக்கு மேல் 0.74 என்று வந்தது. ஐம்பதுக்கு மேலும்கூட ஒன்றை எட்டவில்லை, வரிசையிலும் இடமாற்றம் நடக்கிறது என்பது இதில் கவனிக்கவேண்டியது. நண்பர்களோடு ஒப்பிட்டுத் தன்னை அளப்பவருக்குத் தன் வளர்ச்சி கண்ணில் படாமல் போவதற்கும் இதுவே காரணம். நண்பர்களும் சேர்ந்தே வளர்ந்துவிட்டார்கள்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது. தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்தானே இது. வயது ஏற ஏற மனிதர்கள் தங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லப் பழகிக்கொள்கிறார்கள் என்று ஏன் இருக்கக்கூடாது? இதற்கு ஆதாரமும் உண்டு. கனடாவில் ஆன் வில்சனும் மைக்கேல் ராஸும் 2001-ல் வெளியிட்ட ஆய்வுகளில், மாணவர்கள் பழைய தங்களைக் குறைத்துப் பேசுவதன் மூலம் இன்றைய தங்களை உயர்த்திக்கொண்டது தெரியவந்தது. அந்தப் பழைய நாளில் அவர்களே எழுதிக்கொடுத்த மதிப்பீட்டை எடுத்துப் பார்த்தால் முன்னேற்றம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் புதுமணத் தம்பதியரை டேவிட் வாட்சனும் ஜான் ஹம்ரிச்சவுஸும் இரண்டு ஆண்டுகள் இடைவெளியில் இருமுறை அளந்தது இதைவிடச் சுவையானது. தன்னைத் தானே மதிப்பிட்டவர்கள் பொறுப்பும் இணக்கமும் கூடிவிட்டதாகச் சொன்னார்கள். கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் மதிப்பிட்டபோது அதே பண்புகள் இறங்கியிருந்தன. யார் சொல்வதை எடுப்பது? புதிதாகக் கல்யாணமானபோது துணைக்குப் போட்ட முதல் மதிப்பெண் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தது என்பது ஆய்வாளர்களின் விளக்கம், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் சுயமதிப்பீட்டை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்ற எச்சரிக்கை இதில் இருக்கிறது. நல்லவேளையாக, வினாத்தாளைச் சாராத சான்றுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. குற்றப் பதிவுகள் பதின்பருவத்தின் இறுதியில் உச்சம் தொட்டு இருபதுகளில் செங்குத்தாகச் சரிவது நாடு நாடாகத் திரும்பத் திரும்பக் காணப்பட்ட போக்கு. காவல் நிலையப் பதிவேட்டில் யாரும் தன்னைப் பற்றி நல்லவிதமாக எழுதிக்கொள்ள முடியாது.

கடந்தகாலத்தைப் பற்றி நம் கணிப்பு இப்படித் தவறுகிறது என்றால், எதிர்காலத்தைப் பற்றியது வேறு வகையில் தவறுகிறது. ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் மூவரும் 18 முதல் 68 வயது வரையிலான 19,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வை 2013-ல் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்டது. ஒரு பாதியினரிடம் கடந்த பத்தாண்டில் எவ்வளவு மாறினீர்கள் என்றும், மற்றவர்களிடம் வரும் பத்தாண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்றும் கேட்டார்கள். எல்லா வயதிலும், நடந்ததாகச் சொல்லப்பட்ட மாற்றம் நடக்கப்போவதாகச் சொல்லப்பட்டதைவிட அதிகம். ஒரு சோதனையில், பத்தாண்டுகளுக்கு முன் மிகவும் பிடித்த இசைக்குழுவின் கச்சேரியை இன்று கேட்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்றதற்குச் சராசரி விடை 80 டாலர். இன்று பிடித்த குழுவைப் பத்தாண்டு கழித்துக் கேட்க 129 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இன்றைய ரசனை அப்படியே நிற்கும் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை அந்த வேறுபாடு. இதிலும், நினைவுதான் கடந்த மாற்றத்தை ஊதிக் காட்டுகிறதோ என்று கேட்கலாம். உண்மையில் பத்தாண்டு இடைவெளியில் அளக்கப்பட்ட வேறொரு அமெரிக்க ஆய்வின் எண்களோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆளுமைப் பண்புகளைப் பொறுத்தவரை நினைவைவிட முன்கணிப்பே உண்மையிலிருந்து அதிகம் விலகியிருந்தது. ஆக, இருபத்தொன்பதில் எழும் ‘இவ்வளவுதான் நான்’ என்ற எண்ணம் அந்த வயதின் கண்டுபிடிப்பு இல்லை. முப்பத்தொன்பதிலும் நாற்பத்தொன்பதிலும் அதே உறுதியோடு அது வரும்.

மூளையைச் சொல்லி இதை முடித்துவிட நினைப்பவர்கள் உண்டு. இருபத்தைந்து வயதில் மூளை முழுமையடைந்துவிடுகிறது, முன்நெற்றிப் பகுதி அப்போது முதிர்ந்துவிடுகிறது, அதற்குப் பின் கிடைத்ததை வைத்துக் காலம் தள்ளவேண்டியதுதான் என்பது யூடியூப் காணொளிகளிலும் வாட்ஸ்அப் தகவல்களிலும் சுற்றிச்சுற்றி வருகிறது. முன்நெற்றிப் பகுதி மற்றவற்றுக்குப் பிந்தி முதிர்கிறது என்பது சரி. ஆனால் இருபத்தைந்து என்ற எண்ணில் உயிரியல் குறைவு. இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட தொடக்ககால ஸ்கேன் ஆய்வுகள் பலவற்றில் பங்கெடுத்தவர்களின் வயது வரம்பே இருபதுகளின் முற்பாதியோடு நின்றது. அளந்த இடம் வரை மாற்றம் தெரிந்தது, அதற்கு மேல் அளக்கவில்லை; அளவு நின்ற இடத்தைப் பொதுமக்கள் மாற்றம் நின்ற இடமாக எடுத்துக்கொண்டார்கள். கனடாவில் கேத்தரின் லெபலும் கிறிஸ்டியன் போலியூவும் 5 முதல் 32 வயது வரையிலான 103 பேரை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து 2011-ல் வெளியிட்டபோது, மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைக் கற்றைகள் பலருக்கு இருபதுகளிலும் மாறிக்கொண்டே இருந்தன. 2025-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூளைப் பிணைப்புகளின் அமைப்பு திசைமாறும் வயதுகளாக 9, 32, 66, 83 என்ற நான்கைச் சொன்னது. உடனே பழைய இருபத்தைந்தை எடுத்துவிட்டு முப்பத்திரண்டை அந்த இடத்தில் மாட்டிவிட்டார்கள் பலர். அது ஆயிரக்கணக்கானவர்களின் மூளைகளில் கண்ட சராசரிப் போக்கு. எந்தத் தனிமனிதரின் மூளையும் பிறந்தநாள் பார்த்துத் திரும்புவதில்லை.

வளர்ந்தவர்களின் மூளை வேலைக்கேற்ப மாறும் என்பதற்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்களைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் சுற்றிச்சுற்றிப் படிக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கேத்தரின் வூலட்டும் எலினார் மகுவயரும் பயிற்சியைத் தொடங்கிய 79 பேரை முதலில் ஸ்கேன் செய்தார்கள், ஆண்டுகள் கழித்து மறுபடியும் செய்தார்கள். தேறிய 39 பேருக்கு, இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸின் பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. தேறாதவர்களுக்கும் பயிற்சியே எடுக்காதவர்களுக்கும் கூடவில்லை. தொடக்கத்தில் இந்தக் குழுக்களுக்குள் வேறுபாடு இருக்கவில்லை என்பதால், பெரிய ஹிப்போகேம்பஸ் உள்ளவர்கள்தான் ஓட்டுநரானார்கள் என்று சொல்ல வழியில்லை. இவர்கள் கல்லூரிப் பிள்ளைகள் இல்லை, பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். இந்த மாற்றம் இலவசமாகவும் வரவில்லை: சிக்கலான கோட்டோவியத்தை நினைவிலிருந்து வரையும் சோதனை ஒன்றில் தேறியவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

அப்படியென்றால் முப்பதுக்கு மேல் பெரும்பாலோர் மாறாதவர்களாகத் தெரிவது ஏன்? என் வாதத்தின் மையம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இதற்கு மிக நல்ல பதிலைத் தந்தவர்கள் டேனியல் பிரைலியும் எலியட் டக்கர்-டிராபும். இரட்டையர், கூடப்பிறந்தோர், தத்தெடுக்கப்பட்டோர் என 21,057 இணைகளை உள்ளடக்கிய 24 ஆய்வுகளை 2014-ல் அவர்கள் சேர்த்து அலசினார்கள். குணம் வயதோடு நிலைப்படுவதில் மரபணுவின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தார்கள். மரபணுவின் பங்கு எல்லா வயதிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. சூழலின் பங்கோ சிறுவயதில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, வளர்ந்த வயதில் கணிசமாகிவிட்டது. வயது ஏற ஏற நாம் நிலைத்துப்போவதற்கு முதன்மைக் காரணம் நம் சூழ்நிலை நிலைத்துப்போவதுதான் என்பது இதன் பொருள். ஒரே அலுவலகம், ஒரே பாதை, ஒரே நண்பர் குழாம், வீட்டில் அதே ஆட்கள் அதே எதிர்பார்ப்புகள்: நாற்பது வயதுக்காரரின் நாள் இப்படித்தான் போகிறது. இருபத்திரண்டு வயதுக்காரருக்கோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர், அறைவாசிகள், மேலாளர், வருமானம் எல்லாமே மாறுகின்றன. ஜேம்ஸ் பார்த்த இறுக்கம் உண்மைதான். அது மனிதருக்குள் நடப்பதாக அவர் நினைத்தார், பெரும்பாதி வெளியே நடக்கிறது.

உண்மையில் ஜேம்ஸ் தம் அத்தியாயத்திலேயே இதன் நுனியைத் தொட்டிருந்தார். இருபத்தைந்து வயதிலேயே இளம் வணிகப் பிரதிநிதி, மருத்துவர், பாதிரியார், வழக்கறிஞர் ஒவ்வொருவரிடமும் தொழிலின் சாயல் படிந்துவிடுவதை அவர் கவனித்திருந்தார். குணத்தை வனைவது அன்றாடப் பணி என்ற அவருடைய கணிப்பு சரி, தேதி மட்டும் பிழை. அவருடைய வாழ்க்கையே அந்தத் தேதிக்கு எதிர்சாட்சி. 1869-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் வாங்கியவர் மருத்துவம் பார்க்கவில்லை. 1870-ல், இருபத்தெட்டு வயதில், உடல்நலக் குறைவும் கடும் மனச்சோர்வும் சேர்ந்து அழுத்த, வேலையில்லாமல் பெற்றோர் வீட்டில் இருந்தார். பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனூவியேயைப் படித்துவிட்டு, மனிதருக்குத் தன்விருப்பம் உண்டு என்று நம்பிப் பார்ப்பதே தன் முதல் தன்விருப்பச் செயல் என்று அந்த ஏப்ரலில் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஹார்வர்டில் உடலியங்கியல் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது வயது முப்பத்தொன்று. ஆலிஸ் கிப்பன்ஸை மணந்ததும், அந்தப் பெருநூலுக்கு ஒப்பந்தம் போட்டதும் 1878-ல், முப்பத்தாறு வயதில். நூலை முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சோர்வு அவரை முற்றாக விட்டுவிடவில்லை. ஆனால் முப்பதைத் தொடும்போது எதையும் தொடங்க முடியாதிருந்த ஒருவர், வகுப்பறையும் குடும்பமும் எழுத்தும் ஒவ்வொரு நாளும் தம்மிடம் எதையாவது கேட்ட ஆண்டுகளில் வேறொரு மனிதரானார்.

ஏற்கெனவே பொறுப்பானவருக்குத்தானே பொறுப்பான வேலை கிடைக்கும், காரணமும் விளைவும் தலைகீழாகிவிடவில்லையா என்று இங்கே கேட்கவேண்டும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைப் பிறந்தது முதல் பின்தொடரும் ஆய்வு இதற்கு உதவுகிறது. அவர்களின் பதினெட்டு வயதுக் குணத்தையும் இருபத்தாறு வயது வேலை அனுபவத்தையும் குணத்தையும் சேர்த்துப் பார்த்த ராபர்ட்ஸ், அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மொஃபிட் ஆகியோர் இரண்டு திசையிலும் ஓட்டம் இருப்பதைக் கண்டார்கள். குணம் வேலையைத் தேர்கிறது. பிறகு அந்த வேலை, தன்னிடம் கொண்டுவந்து சேர்த்த அதே குணத்தை மேலும் ஆழமாக்குகிறது. நாடுகளுக்கிடையிலான ஒப்பீடும் இதற்குத் துணை நிற்கிறது. வீப்கே பிளைடோர்ன் குழு 62 நாடுகளில் 8,84,328 பேரின் விடைகளை அலசி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்தவர் பொறுப்புகள் சீக்கிரம் தோளில் ஏறும் நாடுகளில் குணமுதிர்ச்சியும் சீக்கிரம் தென்பட்டது. இணையத்தில், குறிப்பிட்ட சில மொழிகளில் மட்டும் விடையளித்தவர்கள் அவர்கள் என்பதால் கிராமத்துக் கூலித்தொழிலாளியை இந்த எண்கள் பிரதிநிதித்துவப்படுத்தாது. ஆனாலும் முதிர்ச்சிக்கென்று உலகம் முழுவதற்கும் உடலில் ஒரே கடிகாரம் இருந்தால் நாட்டுக்கு நாடு இப்படி வேறுபட்டிருக்க முடியாது.

இதைப் படித்துவிட்டு நம் வீடுகளில் சிலர் மகிழ்ந்துபோகலாம். ‘ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று இவர்கள் காலங்காலமாகச் சொல்வதை அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை, இதை அழுத்திச் சொல்லவேண்டும். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் நையரும் ஜென்ஸ் அசன்டார்ஃபும் இளைஞர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, முதன்முறையாக நிலையான உறவுக்குள் வந்தவர்களின் மனக்கொந்தளிப்பு குறைந்தது உண்மை. அவர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட உறவு அது. பொறுப்பற்ற ஒருவனைத் திருத்துவதற்காக ஊர்கூடி ஒரு பெண்ணை அவனிடம் ஒப்படைத்த ஏற்பாடு அல்ல. அந்தப் பெண்ணின் குணத்துக்கும் நிம்மதிக்கும் என்ன ஆகும் என்பதைக் கால்கட்டுப் பேச்சு கணக்கிலேயே எடுப்பதில்லை. பிள்ளை பிறந்தால் பொறுப்பு வரும் என்ற அடுத்த நம்பிக்கைக்கோ ஆதாரம் இன்னும் மெலிந்தது. ஆஸ்திரேலியக் குடும்பங்களின் நெடுநாள் தரவை மானன் வான் ஸ்கெப்பிங்கனும் உடன் ஆய்வாளர்களும் 2016-ல் அலசியபோது, பெற்றோரானவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக முதிர்ந்ததற்கு அடையாளம் இல்லை. ஒரு பாத்திரத்தின் பெயரைச் சூட்டுவது எதையும் மாற்றிவிடாது. அந்தப் பாத்திரம் என்னென்ன செய்யச் சொல்கிறது, அதைச் செய்ய நேரமும் துணையும் தூக்கமும் இருக்கிறதா, செய்தவர் அதை ஏற்றுக்கொண்டு செய்கிறாரா என்பவை மாற்றுகின்றன.

செய்வதே மாற்றுகிறது என்பதைச் சோதனையாகவும் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் மிரியம் ஸ்டீகர் குழு 1,523 பேரிடம் மூன்று மாதம் ஒரு கைப்பேசிச் செயலியைக் கொடுத்தது. எந்தப் பண்பை மாற்ற விரும்புகிறீர்கள் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கேற்பச் சின்னச்சின்னப் பணிகளை நாள்தோறும் நினைவூட்டியது செயலி. 2021-ல் வெளியான முடிவுப்படி, விரும்பிய திசையில் மாற்றம் தெரிந்தது, மூன்று மாதம் கழித்தும் நின்றது. ஒரு பண்பைக் கூட்டிக்கொள்ள விரும்பியவர்களின் மாற்றத்தை நண்பர்களும் வீட்டாரும் கவனித்தார்கள். குறைத்துக்கொள்ள விரும்பியவர்களிடம் அப்படிக் கவனிக்கப்படவில்லை. பதற்றம் அடங்கியதை உள்ளே இருப்பவர் உணர்வதுபோல் வெளியே இருப்பவர் பார்ப்பதில்லை என்று இதை விளங்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் நேதன் ஹட்சன் குழு நடத்திய இதுபோன்ற ஆய்வில், மாறவேண்டும் என்று விரும்பிப் பணிகளை ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்குப் பலன் இல்லை. புத்தாண்டுத் தீர்மானம் எழுதுகிற எல்லாருக்கும் இது தெரிந்த செய்திதான். ஆனால் பணிகளை முடித்தவர்கள் மாறினார்கள் என்ற மறுபாதி அவ்வளவு பேசப்படுவதில்லை.

இந்த வாதத்துக்கு இருண்ட பக்கமும் இருக்கிறது. அன்றாடக் கேட்புகள் குணத்தை வளர்க்கும் என்றால் அவை இல்லாமற்போனால் குணம் தேயவும் வேண்டும். கிறிஸ்டோபர் பாய்ஸும் உடன் ஆய்வாளர்களும் 6,769 ஜெர்மானியர்களை நான்கு ஆண்டு இடைவெளியில் இருமுறை அளந்த தரவை 2015-ல் வெளியிட்டார்கள். இடையில் வேலையை இழந்து நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்களிடம் பொறுப்புணர்வு, இணக்கம், புதியதை நாடும் இயல்பு மூன்றும் சரிந்திருந்தன. ஆண்களிடம், வேலையில்லாத காலம் நீள நீளப் பொறுப்புணர்வின் இழப்பும் நீண்டது. அரசுத் தேர்வுகளுக்கும் நல்ல வேலைக்கும் காத்திருந்தே இருபதுகளைக் கழித்தவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இருபத்தொன்பதில் அவர்கள் காதில் விழுவது, பொறுப்பில்லாதவன், எதிலும் பிடிப்பில்லாதவள், அதனால்தான் இன்னும் இப்படியே என்ற பேச்சு. அந்தப் பேச்சு காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பதைப் பாய்ஸின் எண்கள் சொல்கின்றன. அதே ஆய்வில், வேலையை இழந்து ஓராண்டுக்குள் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் மதிப்பெண்கள் வேலையை இழக்காதவர்களின் மதிப்பெண்களிலிருந்து பெரிதாக விலகியிருக்கவில்லை.